இரவல் நூலும் இனிய உரையாடலும்

இரவு நெடுநேரம் விழித்திருந்து ஒரு நல்ல நூலைப் படித்து முடித்தவனுக்கு மறுநாட் காலையில் ஓர் அவா எழுகின்றது. படித்ததை யாரிடமேனும் சொல்லவேண்டும் என்பதே அந்த அவா. கிணற்றடியில் நிற்கும்போதும், கடைத்தெருவுக்குப் போகும் வழியிலும், அலுவலகத்தில் மேசைமுன் அமர்ந்திருக்கும்போதும் அந்நூலின் ஒரு பகுதி அவன் உள்ளத்தில் வந்து வந்து நிற்கின்றது. மாலையில் நண்பன் ஒருவனைக் கண்டு, "இதைப் படித்தாயா?" என்று கேட்ட பின்னரே அவன் மனம் ஆறுகின்றது. தனியே இருந்து உண்பது பசியை ஆற்றலாம், அது விருந்தாவதில்லை. படிப்பும் அத்தகையதே. தனியே படிப்பது அறிவைத் தரும். படித்ததை நண்பரோடு பகிரும்போதுதான் அது விருந்தாகின்றது.

இவ்வுண்மையைத் திருவள்ளுவர் இரண்டு இடங்களிலே சுட்டியிருக்கின்றார். கல்வியைப் பற்றிக் கூறுமிடத்து, கற்றவர்கள் கூடும்போது மகிழ்வதையும், பிரியும்போது இனி எப்போது காண்போம் என்று எண்ணுவதையும் அவர்களுடைய தொழிலாகவே சொல்லுகின்றார். நட்பைப் பற்றிக் கூறுமிடத்து, பயிலுந்தோறும் நூலின் சுவை மிகுவதுபோலப் பழகுந்தோறும் பண்புடையார் நட்பின் சுவை மிகும் என்கின்றார். கல்வியைச் சொல்லவந்த இடத்தில் நண்பரின் கூட்டமும், நட்பைச் சொல்லவந்த இடத்தில் நூலும் அவர் நினைவுக்கு வந்தன. நூலும் நட்பும் ஒன்றையொன்று தேடும் இயல்பின என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் பேச்செல்லாம் உரையாடல் ஆகிவிடாது. சிலர் கூடிய இடத்தில் ஒருவரே பேசுவார், மற்றவர் தலையசைப்பர். அது சொற்பொழிவு. வேறு சிலர் கூடிய இடத்தில் எல்லோரும் ஒரே நேரத்திற் பேசுவர், எவரும் கேளார். அது சந்தை. இன்னுஞ் சிலர் தாம் படித்த நூல்களின் பெயர்களை அடுக்கிக்கொண்டே போவர். எதிரில் இருப்பவர் அதைவிட நீண்ட பட்டியலை நீட்டுவார். அது பந்தயம். நல்ல உரையாடல் இம்மூன்றிற்கும் வேறானது. அதிலே ஒருவர் மனம் திறந்து வினவுகின்றார். மற்றவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்லுகின்றார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளுகின்றார். பேச்சு முடிந்து எழும்போது இருவரும் வந்தபோது இருந்ததைவிடச் சிறிது வளர்ந்தவராக எழுகின்றனர்.

அத்தகைய ஓர் உரையாடல் தமிழிலக்கியத்தின் போக்கையே மாற்றியது. அது நடந்த இடம் கும்பகோணம். நடந்த காலம் 1880ஆம் ஆண்டு, ஒற்றோபர் மாதம்.

அவ்வாண்டின் தொடக்கத்திலேதான் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பாடங் கேட்டவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் அன்புக்குரியவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று அக்காலத்துப் புலவர் போற்றிய நூல்களையெல்லாம் ஐயந்திரிபறக் கற்றவர். தாம் கற்றது பெரிது என்ற எண்ணம் அவருக்கு இருந்திருந்தால் அதனைக் குறையென்று யாரும் சொல்லார்.

அந்நாளில் சேலம் இராமசாமி முதலியார் என்பவர் அவ்வூருக்கு முன்சீப்பாக மாற்றம் பெற்று வந்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் பற்றுடையவர். வயதிலும் சாமிநாதையரை ஏறக்குறைய ஒத்தவர். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரது தமிழ்ப்பற்றை அறிந்தவர். தேசிகரின் சொற்படி சாமிநாதையர் அவரைக் காணச் சென்றார். முதலியார் முதலில் அத்துணை உற்சாகங் காட்டவில்லை. யாரிடம் படித்தீர்கள், என்னென்ன படித்தீர்கள் என்று கேட்டார். இளம் ஆசிரியர் தாம் கற்ற நூல்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். அந்தாதிகளைச் சொன்னார், பிள்ளைத்தமிழ்களைச் சொன்னார், கோவைகளைச் சொன்னார். முதலியாரின் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. புராணங்களைச் சொன்னார், பெருங்காப்பியங்களைச் சொன்னார், கம்பராமாயணத்தையுஞ் சொன்னார். அப்போதும் முதலியார் நிறைவு கொள்ளவில்லை. இவையெல்லாம் சரி, இவற்றுக்கு முற்பட்ட பழைய நூல்கள் எவற்றையேனும் படித்ததுண்டா என்று வினவினார். எந்த நூல்கள் என்று ஆசிரியர் கேட்க, சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்ற பெயர்களை முதலியார் சொன்னார்.

அவற்றைச் சாமிநாதையர் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரும் அவற்றைப் பாடமாகச் சொன்னதில்லை.

இவ்விடத்திலே சற்று நின்று சிந்திக்கவேண்டும். கல்லூரி ஆசிரியர் ஒருவர், நீதிமன்ற அதிகாரி ஒருவர் முன்னிலையில், தமது சொந்தத் துறையிலேயே தமக்குத் தெரியாதது உண்டு என்று சொல்லவேண்டிய நிலை. அவ்வினாவை அவமதிப்பாகக் கொண்டு சினந்து எழுந்து போயிருக்கலாம். அந்நூல்கள் சிறப்பில்லாதவை என்று சொல்லித் தம் பெருமையைக் காத்துக்கொண்டிருக்கலாம். இவ்விரண்டையும் அவர் செய்யவில்லை. நூல் கிடைக்கவில்லை, கிடைத்தாற் படிப்பேன் என்ற கருத்துப்படவே விடை கூறினார். அவ்விடையில் நாணமும் இருந்தது; நேர்மையும் இருந்தது.

அதற்கு மேலும் ஒன்று நிகழ்ந்தது. வினாவை எழுப்பியவர் அதனோடு நின்றுவிடவில்லை. பிறருடைய அறியாமையைக் கண்டுபிடித்து அதில் மகிழ்ந்து ஒதுங்குவோர் உலகில் மிகப் பலர். முதலியார் அத்தகையவரல்லர். தாம் அரிதிற் பெற்று வைத்திருந்த சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியைச் சாமிநாதையரிடம் கொடுத்தார். அந்நூலைத் தகுந்த ஒருவரோடிருந்து படிக்கவேண்டும் என்பது அவருக்கு நெடுநாளைய ஆசை. நூல் அவரிடம் இருந்தது. கூடியிருந்து படிக்க ஆள் இல்லை. சாமிநாதையரிடம் தமிழ்ப் புலமை இருந்தது, நூல் இல்லை. ஒருவரிடத்து இல்லாதது மற்றவரிடத்து இருந்தது. இரவல் கொடுத்தவரும் இரவல் வாங்கியவரும் ஒரே வேளையில் பயன் பெற்றனர்.

இருவரும் கூடிச் சிந்தாமணியைப் படிக்கலாயினர். அது எளிதாக இருக்கவில்லை. திருத்தக்கதேவர் இயற்றிய அக்காப்பியம் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களையுடையது. அதற்கு நச்சினார்க்கினியர் உரை எழுதியிருக்கின்றார். உரையிலே, பெயர் சொல்லாமலே மேற்கோள்கள் பல வருகின்றன. அவை எந்நூலைச் சேர்ந்தவை என்று அப்போது சொல்லுவார் இல்லை. நூலோ சைன சமயத்தைச் சார்ந்தது. அச்சமயத்தின் சொற்களும் கொள்கைகளும் சைவச் சூழலில் வளர்ந்த ஆசிரியருக்குப் புதியன. ஆசிரியரும் வழியறியாத இடத்தில் யாரைக் கேட்பது?

கும்பகோணத்தில் சைனர்கள் வாழ்கின்றனர் என்று அவர் அறிந்தார். சந்திரநாத செட்டியார் என்னும் சைன அன்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றார். சென்ற அன்று அவ்வீடு விழாக்கோலம் பூண்டிருந்தது. காரணம் வினவியபோது அவர் பெற்ற விடை அவரைத் திகைக்க வைத்தது. பல மாதங்களாக அவ்வீட்டிலே சிந்தாமணி படனம் நடைபெற்று வந்தது. அது நிறைவெய்திய நாள் அன்றாம்! கல்லூரி ஆசிரியர் அதுகாறும் படித்திராத நூலை, அதே ஊரில் சில தெருக்களுக்கு அப்பால், ஒருவர் படிக்கப் பலர் இருந்து கேட்டு மகிழ்ந்திருக்கின்றனர். தம் அறிவை நாடி வேற்றுச் சமயத்தவர் ஒருவர் வந்ததைக் கண்டு அவர்களும் மகிழ்ந்தனர். அவர் கேட்ட ஐயங்களுக்கெல்லாம் அன்போடு விளக்கங் கூறினர். சமயத்தால் வேறுபட்டோர் ஒரு நூலின் முன்னே நண்பராயினர்.

பின்பு முதலியார் சென்னைக்குச் சென்று வழக்கறிஞராக விளங்கினார். 1885ஆம் ஆண்டில் இந்திய மக்களின் குறைகளை எடுத்துரைக்க இங்கிலாந்துக்குச் சென்ற தூதுக்குழுவில் அவரும் ஒருவர். அந்தப் பெரும் பயணத்துக்குப் புறப்படும் வேளையிலும் அவர் சிந்தாமணியை மறக்கவில்லை. அதனை எப்படியாவது அச்சிட்டு வெளியிடவேண்டும் என்று நண்பரை வேண்டிக்கொண்டே சென்றார். சாமிநாதையர் ஊரூராய்த் தேடி இருபதுக்கு மேற்பட்ட பிரதிகளைப் பெற்று ஒப்புநோக்கினார். 1887இல் சீவகசிந்தாமணி முழுமையாக வெளிவந்தது. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அதனைத் தொடர்ந்தன. அன்று முதலியார் பெயர் சொல்லிக் கேட்ட மூன்று நூல்களும் தமிழ் மக்கள் கைக்கு வந்துவிட்டன. சிந்தாமணி நூலாக வெளிவந்ததை முதலியார் கண்டார், மணிமேகலையைக் காணவில்லை. 1892இலேயே அவர் மறைந்துவிட்டார். எனினும் ஒரு வினாவும் ஓர் இரவல் நூலும் எத்துணைப் பயன் விளைக்கும் என்பதற்கு அவர் பெயர் என்றும் சான்றாக நிற்கும்.

நூலைப் பகிர்தல் எப்போதும் இனிமையாகவே முடியும் என்று சொல்லிவிட முடியாது. அதற்கும் கும்பகோணமே சான்று. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளை, அரசாங்க அலுவலினின்று ஓய்வு பெற்ற பின் அவ்வூருக்கு வந்து வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். பழைய நூல்களை அச்சேற்றுவதில் அவர் முன்னோடி. சாமிநாதையரும் அவரும் அடிக்கடி சந்தித்துத் தமிழைப் பற்றியே பேசி மகிழ்ந்தனர். ஆனால் சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்கவேண்டும் என்ற விருப்பம் பிள்ளைக்கும் இருந்தது; அவர் பிரதியைக் கேட்டார். உழைத்துத் திருத்தி வைத்த பிரதியைக் கொடுப்பதா, மறுப்பதா என்று இளையவர் பெரிதும் கலங்கினார். ஈற்றில் தாமே பதிப்பிப்பது என்று துணிந்தார்.

இருவர் மீதும் குறை காண்பதற்கில்லை. ஒரே பொருளின்மீது இருவர் கொண்ட காதல் அவர்களுக்கிடையே சிறு சங்கடத்தை விளைத்தது. அவ்வளவே. அதனால் தமிழ் இழந்தது ஒன்றுமில்லை. சாமிநாதையரின் சிந்தாமணி வெளிவந்த அதே 1887ஆம் ஆண்டிலேதான் தாமோதரம்பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் வெளிவந்தது. நண்பர்களுக்கிடையே நேரும் போட்டியும், அது நூலின்மேல் வைத்த அன்பினால் நேர்ந்ததாயின், நன்மையாகவே முடியும்.

நூல் இரவல் கொடுப்பவருடைய அச்சம் யாவரும் அறிந்ததே. வீட்டை விட்டுச் சென்ற புத்தகம் மீண்டு வருவதில்லை என்பர். மீண்டு வந்தாலும் அட்டை கிழிந்து, ஓரம் மடிந்து, தேநீர்க் கறையோடு வரும். சிலருடைய அலுமாரியிலே, முதற்பக்கத்தில் எழுதியிருந்த உரியவரின் பெயரை மட்டும் கவனமாக நீக்கிவிட்ட நூல்கள் பல உள. ஆதலால் நூலைப் பூட்டி வைப்பதே அறிவுடைமை என்று ஒருவர் எண்ணினால் அவரைக் குறைகூறுவது அரிது.

ஆனால் பூட்டி வைத்த நூல்களின் கதை யாது? அதனையும் சாமிநாதையரே எழுதி வைத்திருக்கின்றார். ஏடு தேடி அவர் சென்ற வீடுகளிலே, பரணிலும் பெட்டியிலும் கிடந்து செல்லுக்கும் கரையானுக்கும் இரையான சுவடிகள் பல. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகள் அவர் செல்வதற்கு முன்னரே, சாத்திரத்தின் பெயரால், நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டுவிட்டன. எவருக்குங் கொடாமற் காத்த நூல் ஈற்றில் காத்தவருக்கும் இல்லாமற் போயிற்று. கொடுத்த நூலிற் சில தொலைந்தன. கொடாத நூலிற் பெரும்பாலன அழிந்தன. கொடுத்தவரே நூலைக் காத்தவராயினர்.

ஈழத்துத் தமிழரிடையே இந்தப் பகிர்வு நெடுங்காலப் பழக்கமாகும். யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கந்தபுராண படனம் நடக்கும் முறை இதற்கு எடுத்துக்காட்டு. ஒருவர் பாட்டைப் படிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். ஊரார் சுற்றியிருந்து கேட்பர். எழுத்தறியாத முதியவளும் அங்கே நூலின் பயனைப் பெற்றாள். பயன் சொல்லுபவர் ஓரிடத்தில் வழுவினால், சபையிலிருந்து ஒருவர் அதனைச் சுட்டிக்காட்டுவதும் உண்டு. படனம் முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பாட்டைப் பற்றிய பேச்சே நிகழும். பின்னர்க் கிராமந்தோறும் வாசிகசாலைகள் தோன்றின. அங்கே வாங்கிற் கூடியிருந்து ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, மற்றவர் இடையிடையே கேள்வி கேட்டும் மறுத்தும் உலக நடப்பை அறிந்தனர். வாசிகசாலை வாசிக்கும் இடமாக இருந்ததோடு, பேசும் இடமாகவும் இருந்தது.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கமும் ஒரு தனிமனிதர் தம் நூல்களைப் பகிர்ந்ததே. 1933ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா என்னும் அன்பர் தம்மிடமிருந்த நூல்களைக் கொண்டு தமது வீட்டிலேயே பிறர்க்குப் பயன்படும் வண்ணம் ஒரு சிறு நூல்நிலையத்தைத் தொடங்கினார். அவ்வெண்ணத்தைப் பலரும் பாராட்டித் துணை நின்றனர். அடுத்த ஆண்டு, 1934 ஓகஸ்ற் முதலாந் திகதி, ஆசுபத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையிலே 844 நூல்களோடும் ஏறத்தாழ முப்பது பத்திரிகை சஞ்சிகைகளோடும் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வீட்டு அலுமாரியிலே தொடங்கிய அது வளர்ந்து, 1959இல் அழகிய வெண்ணிற மாளிகையில் குடியேறியது. 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் மீண்டும் பெறமுடியாத சுவடிகளும் இருந்தன.

அந்த இழப்பை எச்சொல்லாலும் குறைத்துவிட முடியாது. எனினும் அதன்பின் நிகழ்ந்ததும் நினைக்கத்தக்கது. நூலகம் மறுபடியும் எழுந்தது. பல இடங்களிலிருந்தும் அன்பர்கள் தம் அலுமாரிகளைத் திறந்து நூல்களை அனுப்பினர். ஒரு தனிமனிதர் தம் வீட்டிலே செய்ததைப் பின்னர்ப் பல வீட்டார் செய்தனர். தொடங்கியபோது எவ்வழியாற் பிறந்ததோ, அவ்வழியாலேயே அது மறுபிறப்பும் எடுத்தது.

ஆகவே நூலைப் பகிர்தல் பொழுதுபோக்கு மாத்திரம் அன்று. அது ஒரு கடமையுமாகும். அக்கடமை இனிதாக நிறைவேறுவதற்குச் சில சிறு ஒழுக்கங்கள் வேண்டும். இரவல் பெற்றவர் நூலைக் குழந்தையைப் போலப் பேணவேண்டும். சொன்ன நாளிலே திருப்பிக் கொடுக்கவேண்டும். படித்து முடிக்க இயலவில்லையாயின் அதனை ஒளியாமற் சொல்லவேண்டும். இரவல் கொடுப்பவரும், இந்த நூல் இந்த நண்பருக்கு ஏற்றதா என்று சிந்தித்துக் கொடுக்கவேண்டும். தமக்குப் பிடித்தது அவருக்குப் பிடிக்கவில்லையென்றால் வருந்தலாகாது. ஏன் பிடிக்கவில்லை என்று கேட்கவேண்டும். அங்கேதான் உரையாடல் தொடங்குகின்றது. ஒரே நூலை இருவரும் ஒரே வகையாகப் புகழ்ந்துவிட்டாற் பேச்சு அரை நாழிகையில் முடிந்துவிடும். வேறுபாடு இருந்தாலன்றோ மாலை இரவாவதும் தெரியாது!

இவையனைத்திலும் சிறந்த ஒழுக்கம் ஒன்று உண்டு. நூலைத் திருப்பிக் கொடுக்கும்போது அதனோடு ஒரு வினாவையும் சேர்த்துக் கொடுப்பதே அது. இப்பகுதி ஏன் இவ்வாறு அமைந்தது, இப்பாத்திரம் ஏன் இவ்வாறு செய்தது, இதுபோல வேறு நூல் உண்டா என்று கேட்பவரே இரவல் பெறத் தகுதியுடையவர். வெறுங்கையோடு வந்து நூலைப் பெற்றவர், வினாவோடு திரும்பி வருவாராயின், அவர் பட்ட கடன் வட்டியுடன் தீர்ந்துவிடும்.

கும்பகோணத்தில் அன்று சந்தித்த இருவரும் தாம் ஒரு பெரிய காரியத்தைத் தொடங்குவதாக எண்ணியிருக்கமாட்டார்கள். ஒருவர் கேட்டார், மற்றவர் தெரியாது என்றார், கேட்டவர் நூலைக் கொடுத்தார். இம்மூன்று செயலுக்கும் செல்வம் வேண்டியதில்லை. பதவியும் பட்டமும் வேண்டியதில்லை. கேட்பதற்கு அக்கறையும், தெரியாது என்று சொல்வதற்குத் துணிவும், கொடுப்பதற்கு மனமும் இருந்தாற் போதும். நேயர்களின் வீட்டு அலுமாரிகளிலே எவரும் கேளாமையால் உறங்கிக் கிடக்கும் நூல்கள் எத்தனையோ இருக்கலாம். அயலில், கேட்கத் தயங்கி நிற்கும் நண்பர் ஒருவரும் இருக்கலாம். அந்நூல்களுள் ஒன்றை எடுத்துத் தூசு தட்டி அவர் கையிற் கொடுத்து, படித்துவிட்டு வந்து பேசுங்கள் என்று சொல்லும் வீட்டிலே, அந்த நூலும் நட்பும் ஒருங்கே வாழும்.